தூத்துக்குடி – சேலம்: நான்கு நிமிடம்

“மனிதகுலத்தின் ஆதிப்பகையான தூரம் இன்றோடு ஒழிந்தது!” என்று புதிய விமானச் சேவையைத் தொடங்கிவைத்து அமைச்சர் முழங்கினார். தூத்துக்குடியிலிருந்து சேலத்துக்கு இனி நான்கே நிமிடம். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு நாற்பது நிமிடம் ஆனது.

கைதட்டல் ஓய்வதற்குள் செந்தூர்பாண்டிக்குச் சேலத்திலிருந்து தங்கை பேச்சியம்மாளின் அழைப்பு வந்தது.

“மவ காதுகுத்துக்கு வரல, சடங்குக்கு வரல. கேட்டா தூரம்னே. வீடியோவுல மூஞ்சியக் காட்டுன்னா, தூரத்துக்குப் படம் தெரியாதுன்னே. நாளைக்கு அவளுக்குக் கல்யாணம். தாய்மாமன் கையப் பிடிக்காம மணவறைக்கு எப்படிண்ணே வருவா? இப்ப என்ன சொல்லப்போற?”

தூரம் என்ற சாக்கு தீர்ந்துபோனதால் அவர் கிளம்பினார்.

பெல்ட்டை மாட்டி நிமிர்வதற்குள் உப்பளங்கள் சுண்ணாம்புப் பொட்டாகச் சுருங்கிவிட்டன. பட்டப்பகலில் வானம் கறுத்தது. நாட்டின் இருபுறத்துக் கடலும் ஒரே பார்வையில் வளைந்து மின்னின. செந்தூர்பாண்டி கும்பிட்டுவிட்டார். பணிப்பெண் கொடுத்த புளிப்பு மிட்டாய் கரையுமுன் சேர்வராயன் மலை வந்துவிட்டது.

‘இந்தத் துளியூண்டு இடத்தையா இருபத்திரண்டு வருசமா தூரம்னு சொன்னேன்?’ அவருக்குக் கண் கலங்கியது. இறங்கியதும் தங்கையின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

வெளிவாசலில், ரோஜா மாலையோடு நின்றிருந்த நரைத்த அம்மாளிடம், “ஏங்க, இங்க ஆட்டோ எங்க நிக்கும்?” என்று கேட்டார்.

அவள்தான் பேச்சியம்மாள்.