பிரிண்டரும் ஊதாத் துணியும்

மடிக்கணினித் திரையில் மறுபடியும் 'ஆஃப்லைன்' என்று வந்தது. ஃபெலிசியா அதை முறைத்தாள்.

பிரிண்டர் கீழே ஹாலில், கணவன் பிராண்டனின் பழைய கம்ப்யூட்டரோடு இணைந்திருந்தது. மாடியிலிருக்கும் அவள் மடிக்கணினி வைஃபை வழியாக அதற்கு வேலை கொடுக்க வேண்டும். அவள் வீட்டிலேயே டியூஷன் நடத்துகிறவள். பயிற்சித் தாள் இல்லாமல் எத்தனை நாள்தான் பலகையில் எழுதிப் போட்டுச் சமாளிப்பது? வேறு இடம் பார்க்கப் போவதாகச் சில தாய்மார்கள் ஜாடை காட்டியும் விட்டார்கள்.

சிங்கப்பூரில் வேலையிலிருந்த பிராண்டனுக்குப் போன் போட்டாள். ஷேரிங் திறந்திருக்கிறதா, பாஸ்வோர்ட் சரியா, இரண்டும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றனவா என்று துருவித் துருவிக் கேட்டான். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் வைஃபையில் பழைய கம்ப்யூட்டருக்குக் கிடைத்திருக்கும் முகவரி எண்ணைப் பார்க்கச் சொன்னான். அங்கேதான் மாட்டியது. எண் மாறியிருந்தது. மடிக்கணினியோ பழைய எண்ணையே தேடிக்கொண்டிருந்தது.

"அது சும்மா மாறாது லா. யாரோ வைஃபை ரூட்டரோட சுவிட்ச அடச்சித் தொறந்திருக்காங்க."

யாரோ என்ன யாரோ! பகலில் லாபிஸ் ஊரிலுள்ள இந்த வீட்டில் இருப்பது அவளும் மாமியார் சூசையம்மாளும்தான். டியூஷன் தொடங்கிய அன்றே 'வீடு ஸ்கூலாப் போச்சு' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர். நேற்று கேட்டதற்கு, "கம்ப்யூட்டர நான் தொடறதே இல்லையேமா" என்று பட்டென்று சொல்லிவிட்டார்.

இதில் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் ஆசையை அடக்கும் ஒறுத்தலாகச் சீரியலை வேறு விட்டிருக்கிறாராம். அந்த நாட்களில் கோயிலில் புனிதர் சுரூபங்களை மூடுவதுபோல டிவிக்கும் ஒரு ஊதாத் துணி. ஜெபக்கூட்டமே மெச்சிக்கொள்கிறது. வெளியே இத்தனை பக்தி, உள்ளே மருமகள் பிழைப்பில் கை வைப்பதா? கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, சனிக்கிழமை பிராண்டன் வந்ததும் தனிக்குடித்தனம் பற்றிப் பேசிவிட வேண்டியதுதான்.

பள்ளியிலிருந்து மகளை அழைத்துவர அவள் வெளியே போகும் நேரத்தில்தான் இது நடக்க வேண்டும். அந்த வேலையை அன்று பக்கத்து வீட்டு வாசுகியிடம் ஒப்படைத்தாள். தானே போவதுபோலக் காரை எடுத்துத் தெருமுனையில் நிறுத்தினாள். வானம் கறுத்தது. முதல் இடி உறுமியபோது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் வீட்டுக்குள் நுழைந்தாள்.

சூசையம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். கழுத்தில் ஜெபமாலை, காலில் ரப்பர் சிலிப்பர். ஃபெலிசியா பின்னாலேயே போனாள். அவர் மடிக்கணினியின் பிளக்கைப் பிடுங்கினார். அடுத்தது ரூட்டர்.

"ஏன் அத்த இப்படிப் பண்றீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "இடி இடிக்குதுல்ல? மின்னல் அடிச்சுப் பொசுங்கிட்டா என்னா பண்ணுவ? ஒன் பொழப்பே இதுலதான இருக்கு. மழ விட்டதும் மாட்டிருவேன்."

ஃபெலிசியா யோசித்துப் பார்த்தாள். பிரிண்டர் தகராறு செய்த நாளெல்லாம் மழை நாள்தான்.

"நேத்து கேட்டப்ப சொல்லலையே?"

"கம்ப்யூட்டரத் தொட்டீங்களான்னுதான கேட்ட? பிளக்கத்தான தொட்டேன்."

சொல்லிக்கொண்டே கீழே இறங்கி, கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் கழற்றிவிட்டு, மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபெலிசியாவுக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது. வெளியே மின்னல் பளீரென்று வெட்டியது. டிவியின் பிளக் மட்டும் சுவரிலேயே இருப்பதைக் கண்டு, அதைப் பிடுங்க ஓடினாள்.

"அத விடுமா," என்றார் சூசையம்மாள். "அது போயி நாளாச்சு. அன்னிக்கு இடி இடிச்சப்ப மேல ஏறி ஒன்னோடத கழட்டிட்டு எறங்கறதுக்குள்ள பொசுங்கிருச்சு."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலையே, அத்த?"

"சொன்னா ஒனக்கு மனசு கஷ்டமா இருக்கும். தவக்காலமும் வந்துச்சா, ஒரு துணியப் போட்டு மூடிட்டேன்."