நாலு சக்கரச் சம்மதம்

பெண் பார்க்க வந்தவர்களை 'வாங்க' என்றுகூடச் சொல்லாமல், அவர்கள் வந்த காரின் முன் சக்கரத்தருகே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார் முத்திருளன்.

அவர் மனைவி சுந்தரம்மாளுக்கு மானம் போயிற்று.

சிம்மக்கல்லில் பழைய கார்களின் அலுமினியச் சக்கரங்களுக்குப் பாலிஷ் போடும் கடை வைத்திருக்கிறார் மனிதர். சக்கரத்தைப் பார்த்தால் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. போன மாதம் வந்த பேங்க் மாப்பிள்ளையை அப்படித்தான் திருப்பி அனுப்பினார். சக்கரத்தில் பிரேக் கரி அப்பிக் கிடந்ததாம். அதைத் துடைக்காதவன் மகள் இசைவாணியின் கண்ணையா துடைக்கப் போகிறான் என்று கேட்டார்.

இன்று வந்திருப்பது வாடிப்பட்டி ஜெயபாண்டி. கார் பெயிண்ட் உதிர்ந்து, பம்பரைக் கயிறு போட்டுக் கட்டிய கிழடு. ஆனால் சக்கரங்கள் மட்டும் சீர்வரிசை வெள்ளித் தட்டுப்போல் மின்னின.

முத்திருளன் துண்டால் தேய்த்தார். துண்டை மோந்து பார்த்தார். டார்ச் அடித்து உள்பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தார்.

பஞ்சரா என்று மாப்பிள்ளையின் அப்பா கவலையோடு கேட்டார். எலுமிச்சம்பழம் ஏதும் வைக்கிறாரோ என்று மாப்பிள்ளையின் அம்மா பயந்தாள். மாப்பிள்ளைக்குச் சட்டை முழுக்க வியர்வை. கதவிடுக்கில் இசைவாணி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே காபி ஆறிக்கொண்டிருந்தது.

நாலாவது சக்கரமும் முடிந்தது. முத்திருளன் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"எனக்குச் சம்மதம் சம்பந்தி. நாள் குறிச்சிருவோம்."

அவர்கள் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

சுந்தரம்மாள் அவரை அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"பையன் என்ன வேலை பாக்குறான்னு கேட்டீகளா? குணம் எப்படின்னு கேட்டீகளா? சக்கரத்தப் பளபளன்னு தேச்சு வச்சிருந்தா பொண்ணத் தூக்கிக் குடுத்துருவீகளா?"

"மெதுவாப் பேசுடி. அது அவன் தேச்சது இல்ல."

"பெறகு?"

"நம்ம இசைவாணி தேச்சது. கடையில எம்புட்டு வீல் தேச்சிருக்கா, அவ கை எனக்குத் தெரியாதா? எங்க நான் வேண்டாம்னு சொல்லிருவேனோன்னு, நாலுலயும் உள்பக்கம் வரைக்கும் தேச்சு வச்சிருக்கா. இதுக்கு மேல அந்தப் பையங்கிட்ட நான் என்னத்தக் கேக்குறது?"