பன்னிரண்டு வருடக் குறட்டை

தலையில் பத்து ஒயர்கள் ஒட்டப்பட்டு, கட்டிலில் அசையாமல் கிடந்தார் ஹேமநாதன். பக்கத்தில் நின்ற அவர் மனைவி டாக்டர் ரேகா கண் கலங்கவில்லை. கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது நிமிடமே கிளம்பியது குறட்டை. வெளியே பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் அலறிய லாரி ஹாரனே தோற்றுப்போனது.

தன் கிளினிக்கில் தூக்கப் பரிசோதனைப் பிரிவு தொடங்கப்போகிறாள் ரேகா. அதற்கு மெஷின் விற்க வந்தவர்கள் இருவர். கிருபாகரன், தினகரன். இரண்டு மெஷினையும் ஒரே ஆள்மேல் மாட்டிப் பார்த்துவிடலாம் என்று அவள் சொன்னதும், "அட்டெண்டரைப் படுக்க வைக்கலாமே மேடம்?" என்று கேட்டான் கிருபாகரன்.

"வேணாம். என் வீட்டுக்காரர்தான் சரிப்பட்டு வருவார்" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

இந்த ஆர்டரும் கைநழுவினால் திங்கட்கிழமை ஆபீஸ் பக்கமே வராதே என்று சொல்லியிருந்தார் கிருபாகரனின் மேனேஜர். அவன் தன் மெஷினின் திரையைப் பார்த்தான்.

விரலிலும் மார்பிலும் மட்டும் மாட்டியிருந்த தினகரனின் மெஷின் 'ஆழ்ந்த தூக்கம்' என்றது. மூளையின் அலைகளைப் படிக்கும் கிருபாகரனின் மெஷினோ, 'விழிப்பு' என்பதை விட்டு நகரவே இல்லை.

"இன்னா மாமே, அவரு கொறட்டைல கட்டிலே ஆடுது. உன் மெஷின்தான் தூங்கினுகீது போல!" தினகரன் சிரித்தான்.

ரேகா அதைக் கண்டுகொள்ளவில்லை. கட்டில் பக்கம் குனிந்து, "ஏங்க, எங்கம்மா அடுத்த வாரத்துலேருந்து நம்மகூடவே வந்து இருக்கேன்னு சொல்றாங்க" என்றாள்.

குறட்டை இன்னும் ஒரு சுதி ஏறியது.

"பாருங்க மேடம், காதுலயே விழலை" என்றான் தினகரன்.

அரைமணி நேரம் கழித்து உலுக்கி எழுப்பினாள். "படுத்ததுதான் தெரியும். செம தூக்கம்!" என்று கொட்டாவி விட்டார் ஹேமநாதன்.

"அப்ப சரி. கிருபாகரன், நீங்க கிளம்பலாம்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்தார் ஹேமநாதன்.

"தம்பி, மன்னிச்சிடுங்க. உங்க மெஷின் சொன்னதுதான் நெசம். கண்ணைத் தொறந்து படுத்தா கிளினிக் கதை, அவங்கம்மா கதைன்னு ரெண்டு மணி வரைக்கும் ஓடும். கல்யாணமான நாள்லேருந்து இந்தக் குறட்டைதான் என்னைக் காப்பாத்துது. பன்னெண்டு வருஷம்! அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"என் வேலையே போகப்போகுது சார்!"

"எனக்குக் குடும்பமே போயிடும்பா!"

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மேலே ஓடினார்.

பெட்டியை பைக்கில் வைத்துக் கட்டினான் கிருபாகரன். ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிலைக்கும். ஆனால், கும்பிட்ட அந்தக் கைகள் கண்ணிலேயே நின்றன. பெருமூச்சோடு சாவியைத் திருகியபோது போன் அடித்தது. ரேகா.

"மெயில் பாருங்க. உங்க மெஷினுக்குத்தான் ஆர்டர் போட்டிருக்கேன். அவர் முன்னாடி சொல்ல வேணாம்னுதான் கிளம்பச் சொன்னேன்."

"மேடம்... ஆனா, அது தப்பா காட்டுச்சே..."

"தப்பா? பன்னெண்டு வருஷமா எனக்குத் தெரிஞ்சதை, அரைமணி நேரத்துல கண்டுபிடிச்சிருக்கு!"