தகடு இல்லாத டர்போ

சரத்குமார் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த டர்போவில் நம்பர் தகடு இல்லை.

எந்த வண்டியில் இருந்தது என்று தெரிந்தால்தான், மாதக்கணக்காக அவன் மாய்ந்து மாய்ந்து சீராக்கிக்கொண்டிருக்கும் பழைய எஸ்டீம் காருக்கு அது ஒத்துவருமா என்று தெரியும்.

"இதத் தூக்கிக்கினு சுத்தாத கடையில்லக்கா. ஒருத்தருக்கும் தெரியல," என்றான்.

பிள்ளையார்பாளையத்தில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் டர்போவைப் பிரித்துச் சேர்க்கும் கடை கிருஷ்ணவேணியுடையது ஒன்றுதான். அவள் அதைத் தூக்கி, காற்று உள்ளே போகும் வாயை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். உள்ளே சின்ன விசிறி, அதன் நடுவில் ஒரு நட்டு. நட்டிலிருந்து விசிறிக்கு, நகப்பூச்சால் இழுத்த ஒரு குட்டி நாமம்.

எந்த வண்டி என்பது இருக்கட்டும். யாருடைய கைவேலை என்பது தெரிந்துவிட்டது.

விசிறியைக் கழற்றினால் மறுபடி அதே நிலையில்தான் பூட்ட வேண்டும். அதற்காக எல்லா மெக்கானிக்கும் ஓர் அடையாளம் வைப்பார்கள். ஆணியால் ஒரு கீறல் போதும். வீட்டிலிருக்கும் நகப்பூச்சை எடுத்துவந்து நாமம் போடுகிற கிறுக்கு, உலகத்திலேயே அவள் கணவன் பழனிக்கு மட்டும்தான் உண்டு. தன் மெரூன் சீசாவைக் காலி செய்ததற்காக அவனை அவள் திட்டாத நாளில்லை.

பேரிங் வாங்கச் சென்னைக்குப் போகிறேன் என்று கிளம்பினவன் பழனி. ஏழு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அடையாளம் தெரியாத பிணம் என்று போலீஸ் கூப்பிட்டபோதெல்லாம் போனாள். துணியை விலக்கிப் பார்த்தாள். திரும்பி வந்து கடையைத் திறந்தாள்.

கொலுவோ வளைகாப்போ, எந்த வீட்டுக்குப் போனாலும் குங்குமத் தட்டு அவள் முன்னால் ஒரு நொடி தயங்கும். நீட்டலாமா என்று நீட்டுகிறவளுக்கும் தெரியாது, எடுக்கலாமா என்று இவளுக்கும் தெரியாது. அந்த ஒரு நொடிக்குள்தான் இத்தனை வருஷமும் மாட்டிக்கொண்டு கிடந்தாள்.

வருகிற வியாழக்கிழமை அது முடிய இருந்தது. பழனியை இறந்தவனாக அறிவிக்கக் கேட்டு அவள் போட்ட வழக்கில் அன்றைக்குக் கடைசி விசாரணை. அவன் போட்டோவோடு பேப்பரில் அறிவிப்பும் வந்தாயிற்று. இத்தனை காலமாக ஒரு தகவலும் இல்லை என்று கூண்டில் ஏறிச் சொன்னால் போதும் என்றார் வக்கீல். தீர்ப்பு வந்ததும் லேத் பட்டறை கண்ணாயிரத்தோடு பதிவுக் கல்யாணம். அவசரப்படுத்தாத மனிதர். அதுவே அவளுக்குப் புதுசாக இருந்தது.

வெர்னியரை எடுத்து விசிறியை அளந்தாள். இறக்கைகளை எண்ணினாள். வார்ப்பில் இருந்த எண்ணைத் துடைத்துப் படித்தாள். எல்லாம் நேரம் கடத்தத்தான்.

நாமத்தின் மேல் ஒரு பொட்டு எண்ணெய் அழுக்குகூட இல்லை. போன வாரம் போட்டது போலிருந்தது.

நிறம் மட்டும் மெரூன் இல்லை, இளம் ரோஜா. பழனி ஃபேன்சி ஸ்டோர் படியேறி நகப்பூச்சு வாங்குகிற ஆள் இல்லை. வீட்டில் யாரோ வைத்திருப்பதைத்தான் எடுப்பான்.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பிணவறை பிணவறையாக ஏறி இறங்கியதை நினைத்து வயிறு எரிந்தது. அதற்குமேல் பயம் வந்தது. இனி அந்தக் கூண்டில் ஏறி என்ன சொல்வது?

பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. சரத்குமார் போனை நோண்டிக்கொண்டிருந்தான். தின்னரில் நனைத்த துணியை உள்ளே விட்டு ஒரே இழுப்பில் நாமத்தைத் துடைத்தாள்.

"இத எங்கப்பா புடிச்ச?" என்று கேட்டாள்.

"சித்தூராண்ட ஒரு சின்னப் பட்டறைல. பட்டறைக்காரருதான்கா உங்க கடையச் சொன்னாரு. அந்தம்மா பாத்தவொடனே கண்டுபுடிச்சிடுவாங்கன்னாரு."

துடைத்தது வீணாயிற்று.

பழனி பேப்பரைப் பார்த்திருக்கிறான். நேரில் வர முகமில்லாமல் இதை அனுப்பியிருக்கிறான். உயிரோடு இருக்கிறேன், நீ என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிறான்.

"என்னா சொன்னாங்கன்னு போன் பண்ணச் சொன்னாரு. நீங்களே பேசிடுங்கக்கா," என்று சரத்குமார் போனை நீட்டினான். அதற்குள் மணி போய்க்கொண்டிருந்தது.

வாங்காமல் இருக்க வழியில்லை. வாங்கிக் காதில் வைத்தாள்.

மணி நின்றது. அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. எத்தனையோ இரவுகள் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு.

"டர்போவப் பாத்தேங்க," என்றாள், முன்பின் தெரியாதவரிடம் பேசுவதைப் போல. "டீசல் வேனோடது. யாரு கைவேலைன்னுதான் தெரியல. எங்க ஊட்டுக்காரர் இருந்தா சொல்லியிருப்பாரு. அவரு செத்து ஏழு வருசம் ஆவுதுங்க."

நாமத்தைத் துடைத்த துணியைக் கசக்கி மேசைக்கடியில் போட்டாள்.

பிறகு பழனியின் குரல், "சரிங்கம்மா," என்றது.