மூன்று உருதுச் சொற்கள்

கீழக்கரையிலிருந்து ராயபுரத்துக்கு வாழ்க்கைப்பட்ட ஜீனத்துக்கு உருது தெரியாது. தினமும் அவள் சாப்பிடும்போது புருஷன் தன் தாயிடம் உருதுவில் ஏதோ கேட்பான். மாமியார் ஜீனத்தின் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “பேட் பர் கயா” என்பாள்.

‘நான் திங்கிறதைத்தான் கிண்டல் பண்றாங்க.’

வீம்புக்கு இன்னொரு கரண்டி ரேஷன் சோறு கேட்டு வாங்குவாள் ஜீனத்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், தாய்வீட்டுக்குக் கிளம்ப மூட்டை கட்டிவிட்டு, குழாயடியில், உருது புரியும் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவைக் கேட்டாள்.

“அக்கா, ‘பேட் பர் கயா’ன்னா என்ன வசவு?”

“வசவா? இன்னாமே நீ. வவுறு ரொம்பிடுச்சின்னு அர்த்தம்.”

“யாரு வயிறு?”

“சொல்றவங்க வவுறுதான். சாப்டியான்னு கேட்டா சொல்வாங்கோ.”

ஜீனத் குடத்தைக் கீழே வைத்தாள்.

மாமியார் சாப்பிட்டு அவள் பார்த்ததே இல்லை. சோற்றுச் சட்டியைத் தினமும் ஜீனத்தே கழுவுவாள். அதில் ஒரு பருக்கைகூட மிஞ்சியிருந்ததில்லை.