பத்து வருஷச் சலுகை முடிந்த மறுநாள்

மணி ஐந்து நாற்பத்தி நாலு.

கம்பெனி பஸ் வரவில்லை.

ஊர் முனையில் நின்று அவள் தார் ரோட்டையே பார்த்தாள். பார்த்த பார்வையில் தார் உருகி ஓடியிருக்க வேண்டும். மார்கழிப் பனி, அதனால் தப்பித்தது.

பின்னால் ஊரே நின்றது. ஊர் என்றால் மொத்த ஊர். படுத்த படுக்கையாய்க் கிடந்த ஏகாம்பரத்தைக்கூடக் கட்டிலோடு தூக்கி வந்துவிட்டார்கள். விடியற்காலையில் இத்தனை ஆம்பிளைகள் அங்கே கண் விழித்து நின்றது, நாடு விடுதலையான பிறகு இதுதான் முதல் தடவை.

முன்னால் ஐம்பத்தாறு பெண்கள். நீலச் சீருடை, டிபன் பாக்ஸ். ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் மகள் யோகேஸ்வரியும்தான்.

செருப்புக் கம்பெனி வந்தபோது, பத்து வருஷத்துக்குக் கட்டட வரியே வேண்டாம் என்று பஞ்சாயத்து எழுதிக் கொடுத்திருந்தது. கம்பெனி வளர்ந்தது. மதில் வளர்ந்தது. ஊருக்கு மிஞ்சியது ஒரே ஒரு தெருவிளக்கு. யாராவது தும்மினால் அணைந்துவிடும். தண்ணீர்த் தொட்டி ஒழுகி ஒழுகி, ஏணியே வேண்டாம், பாசியைப் பிடித்துக்கொண்டு உச்சிவரை ஏறிவிடலாம்.

நேற்றோடு பத்து வருஷம் முடிந்தது.

மேனேஜர் புதுக் காகிதத்தோடு வந்தார். இன்னும் பத்து வருஷச் சலுகை. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளிகூட வைத்திருந்தார்.

தலைவர் அவள்தான்.

"வருஷத்துக்கு ஆறு லட்சம் வருது. கட்டுங்க சார்."

மேனேஜர் பல் தெரியாமல் சிரித்தார். "கட்டுறதா, கம்பெனியைக் கிளப்பிக்கிட்டுப் போறதான்னு மேல கேக்கணும்மா. நாளைக்குக் காலையில பஸ் வந்தா, கட்டுறோம்னு வெச்சுக்குங்க."

வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. ஊர் சொன்னது. வார்டு மெம்பர் தனபாக்கியம் அக்கா அவள் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். தூற்றிய மண்ணில் ஒரு வீடு கட்டலாம். புருஷன் சாப்பிடாமல் எழுந்து போனான். பெற்ற மகள் கதவைச் சாத்துமுன் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"உன் தெருவிளக்கு வெளிச்சத்துல உக்காந்து நாங்க அம்பத்தாறு பேரும் பேன் பாத்துக்கறோம், போ."

ஐந்து நாற்பத்தைந்து. பஸ் வர வேண்டிய நேரம்.

ஐந்து நாற்பத்தாறு. அந்த ஒரு நிமிஷத்துக்குள் அவளுக்குத் தலை நரைத்து, பல் கொட்டி, எண்பது வயசும் நிறைந்துவிட்டது.

ஹாரன்.

பனிக்குள்ளிருந்து முதலில் இரண்டு விளக்கு. அப்புறம் கண்ணாடி. அப்புறம் பஸ், முழு பஸ்.

ஏகாம்பரம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூன்று ஆஸ்பத்திரியால் முடியாத காரியம். யாரோ விசிலடித்தார்கள். தனபாக்கியம் அக்கா ஓடி வந்து அவள் கையைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் ரெண்டு வளையல் உடைந்தது.

"எனக்கு அப்பவே தெரியும்டி!"

டிரைவர் முனிரத்தினம் மாப்பிள்ளை தோரணையில் இறங்கினார். கவர் ஒன்றை நீட்டினார்.

"பிரசிடெண்டம்மா, மேனேஜர் குடுக்கச் சொன்னாரு. செக். ஆறு லட்சம்."

அவள் கவரை வாங்கினாள். மூச்சை விட்டாள். பனி அரை மைலுக்கு விலகியது.

தெருவுக்கு எட்டு விளக்கு. புதுத் தொட்டி. கவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"இது பொண்ணுங்களுக்கு." முனிரத்தினம் அக்குளிலிருந்து இன்னொரு காகிதத்தை உருவினார். "பஸ் இனிமே சும்மா இல்லையாம். ஆளுக்கு மாசம் தொள்ளாயிரம் சம்பளத்துல பிடிப்பாங்களாம். சம்மதம்னு எல்லாரும் ஒரு கையெழுத்து. கம்பெனி பஸ் போற பதினோரு ஊருக்கும் இதே காயிதம்தான்."

ஒரு பெண் முன்னால் வந்தாள்.

"பஸ் தினமும் வருமில்லண்ணா?"

"டாண்ணு வரும்."

"அப்ப குடுங்க, குடுங்க!"

கல்யாணப் பந்தியில் ஐஸ்கிரீமுக்குக்கூட இப்படிக் கை நீண்டதில்லை. பேனா இருந்தது. வைத்து எழுத இடம்தான் இல்லை. பஸ் முழுக்க ஈரம்.

யோகேஸ்வரி அம்மாவைப் பார்த்தாள். நேற்றைக்கு அப்புறம் இப்போதுதான். சிரித்தாள்.

"அம்மா, கொஞ்சம் திரும்பேன்."

திரும்பினாள். கவரை இடுப்பில் செருகிக்கொண்டு, முட்டியில் கை ஊன்றிக் குனிந்தாள்.

முதுகில் காகிதம் விரிந்தது. பேனா ஊர்ந்தது. ஒருத்தி. அடுத்து ஒருத்தி. கூசியது. நேற்றெல்லாம் வராத சிரிப்பு மொத்தமாக வந்தது. பெண்களும் சிரித்தார்கள். கட்டிலில் ஏகாம்பரமும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே.

சிரிப்புக்கு நடுவே மனசு தன்னால் பெருக்கத் தொடங்கியது.

தொள்ளாயிரம். ஐம்பத்தாறு பேர். பன்னிரண்டு மாசம். ஆறு லட்சத்துச் சொச்சம்.

அப்புறம், பதினோரு ஊர்.

நிமிரப் பார்த்தாள்.

"அசையாதேம்மா," என்றாள் யோகேஸ்வரி, அவ்வளவு செல்லமாக. "இன்னும் பாதிப் பேர் இருக்கோம்."