அஞ்சும் அஞ்சும்

மெக்கானிக் வேலை கேட்டு இளவேணி வந்த அன்று, ஃபேன் பழுதுபார்க்கும் கடையில் முதலாளியின் தலைக்கு மேலிருந்த ஃபேனே நின்றுபோயிருந்தது. “போன் எடுத்துப் பேசும்மா, போதும். ரிப்பேரெல்லாம் உனக்குச் சரிப்படாது” என்றார் கதிரேசன், கழுத்தைத் துடைத்தபடி. அவள் சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறினாள். கெப்பாசிட்டர் உப்பியிருந்தது. வேண்டியது இரண்டரை மைக்ரோஃபாரட். டப்பாவில் கிடந்தவை எல்லாம் ஐந்து. இரண்டை எடுத்து, ஒன்றன் வாலில் இன்னொன்றைக் கோத்து மாட்டிவிட்டு இறங்கினாள்.

கதிரேசனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அஞ்சும் அஞ்சும் பத்தும்மா! இதுக்கா காலேஜுக்குப் போனே? வீட்ல நீதான் முதல்ல படிச்சவன்னு சொன்னப்பவே நினைச்சேன்.”

“பக்கத்துல பக்கத்துல சேர்த்தாதான் சார் பத்து. ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நிக்கவெச்சா அஞ்சுலயே பாதிதான், ரெண்டரை. அது எங்க வீட்ல படிக்காதவங்களுக்கே தெரியும். சுவிட்சைப் போடுங்க. சுத்தலைன்னா போயிடறேன். சுத்துச்சுன்னா நாளையிலேர்ந்து ஸ்க்ரூ டிரைவர் என் கையில.”

அவருடைய விரல் சுவிட்ச்வரை போய், அங்கேயே நின்றது. வேர்வை மூக்கு நுனியில் திரண்டு சொட்டியது. இளவேணி நாற்காலியை இழுத்துப் போட்டு, ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தாள்.